துரைக்கு விலை உயர்ந்த அட்ஜஸ்டபிள் சேணம் வாங்கலாமா?

துரையம்மா கேட்டது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துரை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று என்னிடம் வந்த தோரோபிரெட் குதிரை. செவலை, காயடித்தவன், வயது 7. வந்த புதிதில் விதர்ஸ் (தோள்களுக்கு மேலே, முதுகு தொடங்கும் இடத்து மேடு) துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு இரண்டு பக்கமும் என் கை முஷ்டியை வைத்தால் அப்படியே உள்ளே உட்காரும், அவ்வளவு பள்ளம். அப்போதைய அந்த உடம்புக்குப் பொருத்தமாக, குறுகலும் நடுத்தரமும் கலந்த அளவில் ஒரு தோல் சேணம் வாங்கினேன். நல்ல சேணம், அன்றைக்கு நன்றாகவே உட்கார்ந்தது.

அப்புறம் தீனி சரியாகி, தரையில் கட்டைகளைப் போட்டு மேலே நடக்கவிட்டு, லஞ்ச் கயிற்றில் (நடுவில் நின்று குதிரையை வட்டமாக ஓடவிடும் நீளக் கயிறு) தலையைத் தாழ்த்தி ஓடப் பழக்கியதில் அந்தப் பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் சேணம் இப்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் நான் பின்னால் சரிகிறேன். எவ்வளவு முன்னால் வந்து உட்கார்ந்தாலும் இரண்டு சுற்று ட்ராட் ஓட்டத்தில் மறுபடி பின்விளிம்புக்கே போய்விடுகிறேன். இறங்கிச் சேணத்தை எடுத்தால் முதுகு முழுக்க வியர்வை, முன்னால் இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த திட்டு. கர்த் (சேணத்தை வயிற்றோடு கட்டும் பட்டை) இறுக்கும்போது தலையைத் திருப்பிக் கடிக்கவும் வருகிறான். இதெல்லாம் முன்பு இல்லாத பழக்கம்.

என் பயிற்சியாளர் ஓர் அட்ஜஸ்டபிள் சேணத்தைக் காட்டினார். முன்பக்க கல்லட் பிளேட்டைக் கழற்றி வேறு அகலத்தில் மாட்டலாம். அடியில் முதுகின் மேல் படும் மெத்தையான பேனலுக்குள் கம்பளிக்குப் பதில் காற்று. தோலைத் தொட்டுப் பார்த்தாலே ஆசை வருகிறது. விலையைக் கேட்டால் அந்த ஆசை போய்விடுகிறது. துரையை வாங்கிய விலையைவிட இது அதிகம். வீட்டில் சொன்னதற்கு, "அப்போ சேணத்தை வாங்கிட்டு குதிரையை வித்துடலாமே" என்றார் கணவர்.

விற்பவர் சொன்னது இது: "ஸ்க்ரூடிரைவர் போதும், அஞ்சு நிமிஷ வேலை. குதிரை குண்டானாலும் இளைச்சாலும் இதே சேணம்தான். இனிமே வாழ்நாள் முழுக்க வேற சேணமே வாங்க வேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

என் கேள்விகள்: அட்ஜஸ்டபிள் என்றால் உண்மையில் எதை அட்ஜஸ்ட் செய்கிறது? துரை இன்னும் எவ்வளவு மாறுவான்? இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா? காத்திருந்தால் அதுவரை எதைப் போட்டு ஓட்டுவது?

---

சேணக்கொட்டில்

தங்கச்சி, நான் சேணம் தைப்பவன், பழுது பார்ப்பவன். விற்பவர் சொன்னதில் பொய் இல்லை. பாதியைச் சொல்லியிருக்கிறார், மீதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போதுள்ள சேணம் துரைக்குக் குறுகிவிட்டது. முன்பக்கம் தூக்குவது, நீங்கள் பின்னால் சரிவது, ட்ரீயின் (சேணத்துக்குள் இருக்கும் சட்டம்) முனைகள் இருக்கும் இடத்தில் காய்ந்த திட்டு, மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. மிகையான அழுத்தம் விழும் இடத்தில் வியர்வை வராது. இந்தச் சேணத்தில் இனி ஓட்டாதீர்கள். முக்கியமாக, "மெத்தென்று இருக்கட்டுமே" என்று கீழே தடித்த பேட் போட்டுவிடாதீர்கள். இறுக்கமான செருப்புக்குள் தடித்த சாக்ஸ் போட்டு நடப்பதுபோல் ஆகிவிடும்.

இனி அட்ஜஸ்டபிள் விஷயம். அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒரே வகை இல்லை. பிளேட்டைக் கழற்றி மாட்டுவது ஒரு வகை. வின்டெக், பேட்ஸ் சேணங்களில் பிளேட்டுகளுக்கு நிறமே வைத்திருப்பார்கள்: மஞ்சள் குறுகலானது, கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம், வெள்ளை அதைவிட அகலம். வேறு கம்பெனிச் சேணத்தின் பிளேட்டை வாங்கி இதில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், சேராது. இன்னொரு வகையில் பிளேட் மாறாது, சேணத்தையே பட்டறைக்குக் கொண்டுபோய் எந்திரத்தில் வைத்து ட்ரீயை விரிக்கவோ குறுக்கவோ வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது. பேனலில் காற்று என்றாலும் இரண்டு வகை உண்டு. ஃப்ளேர் பைகளில் வால்வு இருக்கும், காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். கெயர் பேனலில் காற்றை அடைத்து மூடியிருப்பார்கள், அதில் நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. உங்களுக்குக் காட்டியது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். "காற்று" என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

பிளேட்டை மாற்றினால் மாறுவது சேணத்தின் முன்பக்க அகலம் மட்டும்தான். ட்ரீயின் நீளம் அப்படியே இருக்கும். அடியில் அது தட்டையா, வளைவா என்பதும் அப்படியே இருக்கும். நடுவில் முதுகெலும்புக்கு மேலே ஓடும் வாய்க்கால் இருக்கிறதே, அதன் அகலமும் மாறாது. அந்த இடைவெளி மூன்று நான்கு விரல் நுழையும் அளவுக்கு, முன்னிருந்து பின்வரை இருக்க வேண்டும். தட்டை முதுகுக் குதிரைக்கு வளைந்த ட்ரீ போட்டால் என்ன நிற பிளேட் மாட்டினாலும் சேணம் முன்னும் பின்னும் ஆடும். வளைந்த முதுகுக்குத் தட்டை ட்ரீ போட்டால் முன்னாலும் பின்னாலும் தொடும், நடுவில் தொடாது. ஆகவே ட்ரீயின் உருவம் துரையின் முதுகோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அகலத்துக்கே வர வேண்டும்.

விற்பவர் விட்ட இன்னொரு சங்கதி. அகலமான பிளேட் மாட்டியதும் சேணத்தின் முன்பக்கம் கீழே இறங்கும். அதோடு இருக்கையின் சமநிலையும் மாறும். அதைச் சரிக்கட்டப் பேனலில் கம்பளியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிவரும். ஸ்க்ரூடிரைவர் வேலை அஞ்சு நிமிஷம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் குதிரை மேல் வைத்து, கர்த் கட்டி, ஆள் ஏறி, ஓட்டிப் பார்த்துத் திருத்துவது அரை நாள் வேலை. அதையும் விவரம் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும்.

துரை இன்னும் எவ்வளவு மாறுவான் என்று கேட்டீர்கள். குதிரையின் முதுகெலும்பில் வளர்ச்சித் தட்டுகள் மூடிமுடிய 5, 6 வயது ஆகிவிடும். துரைக்கு 7. எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும், இனி மாறுவது தசையும் கொழுப்பும்தான். பந்தயக் குதிரை சவாரிக் குதிரையாகும்போது முதல் வருடம் நிறைய மாறும், அப்புறம் மெல்ல மெல்ல நிலைக்கு வரும். நாலு வயதுக் குட்டி என்றால் அட்ஜஸ்டபிள் வாங்கச் சொல்லி நானே வற்புறுத்துவேன். துரைக்கு அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

வாங்குகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வளையும் ஸ்கேல் ஒன்று கிடைக்கும், படம் வரைபவர்கள் வைத்திருப்பது. துரையைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள், தலையும் நேராக இருக்கட்டும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் ஸ்கேலைக் குறுக்காகப் போட்டு உடம்போடு அமுக்குங்கள். அந்த வளைவை அப்படியே தாளில் வரைந்து தேதி போடுங்கள். முதுகின் தாழ்வான இடத்தில் ஒன்று, கடைசி விலா எலும்பின் இடத்தில் ஒன்று. விதர்ஸிலிருந்து பின்னோக்கி நீளவாக்கிலும் ஒன்று. ஒவ்வொரு மாதமும் அதே தாளில் வேறு நிறப் பேனாவால் வரையுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும்போது துரை மாறுவதை நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். எந்தச் சேணத்துக்கும் பணம் கொடுக்க அதுதான் நேரம்.

---

மூணு_குதிரை

என்னிடம் அட்ஜஸ்டபிள் இருக்கிறது. வாங்கியதில் வருத்தமே இல்லை, அதனால் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் கேளுங்கள் அக்கா.

எங்கள் லாயத்தில் மூன்று குதிரைகள், அதில் இரண்டுக்கு முதுகு வளைவு ஒரே மாதிரி, அகலம் மட்டும் வேறு. அந்த இரண்டுக்கும் ஒரே சேணத்தை வைத்து ஓட்டுகிறேன். மூன்றாவது ஒரு குட்டைக் குதிரை, முதுகு பலகைத் தட்டை. அதற்கு இந்தச் சேணம் எந்த பிளேட்டிலும் உட்காரவில்லை. சேணக்கொட்டில் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

என் அனுபவத்தில் யாரும் சொல்லாத ஒன்று: பிளேட்டை மாற்ற முடியும் என்பதாலேயே கை சும்மா இருக்காது. தினம் ஒரு தரம் "இன்னிக்குக் கொஞ்சம் அகலமா இருக்கோ" என்று தோன்றும். சவாரி சரியாக வராத நாளெல்லாம் பழி சேணத்தின் மேல் விழும். இப்போது நான் ஸ்கேல் கோடு மாறினால்தான் ஸ்க்ரூவைத் தொடுவது என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம் முக்கியமானது. மாற்ற முடிவது வேறு, விலை அதிகமாக இருப்பது வேறு. நான் வைத்திருப்பது தோல் இல்லை, சிந்தெடிக். பிளேட் மாற்றுவது அதிலும் அதே வேலைதான். பெரிய விலைச் சேணத்தில் கூடுதலாகப் போகும் பணம் தோலுக்கும் தையலுக்கும் பேனலுக்கும் பெயருக்கும். அது வீண் என்று சொல்ல மாட்டேன், தோல் சேணத்தில் உட்காரும் சுகம் தனி. ஆனால் துரையின் முதுகுக்கு அந்தச் சுகத்தைப் பற்றிக் கவலை கிடையாது.

---

காற்றாடி

ட்ரீயே இல்லாத சேணம் ஒன்று வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது. ட்ரீ இருந்தால்தானே அகலம் குறுகல் எல்லாம்.

---

சேணக்கொட்டில்

தம்பி, ட்ரீயின் வேலையே ஆளின் எடையை முதுகின் நீள அகலத்துக்குப் பரப்புவதும், முதுகெலும்பின் மேல் எடை இறங்காமல் தடுப்பதும்தான். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையைக் கீழே போடும் பேட் செய்தாக வேண்டும். அதற்கென்று தைத்த, நடுவில் வாய்க்கால் விட்ட பேட் போட்டு, எடை குறைந்த ஆள், உருண்டை முதுகுக் குதிரை என்றால் நன்றாகப் போகிறது, பார்த்திருக்கிறேன். விதர்ஸ் உயர்ந்த தோரோபிரெட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அங்கவடியில் எழுந்து நின்றால் அது தொங்கும் இடத்திலேயே மொத்த எடையும் இறங்கும்.

---

துரையம்மா

எல்லோருக்கும் நன்றி. பழைய சேணத்தைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன், துரை இப்போது லஞ்ச் கயிற்றில் மட்டும் ஓடுகிறான். வளையும் ஸ்கேல் வாங்கி வரைந்தும் பார்த்தேன்.

வரைந்த தாளை நடுவில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே கோடாக விழும் என்று நினைத்தேன், விழவில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் எடுத்த கோட்டில் இடப்பக்கம் நன்றாகப் பருத்திருக்கிறது. வலப்பக்கத்தில் அந்தப் பழைய பள்ளம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கையால் தடவும்போது எனக்கு இது தெரியவே இல்லை. தாளில் பார்த்தால் ஒரு சுண்டு விரல் தடிமன் வித்தியாசம்.

இதை எழுதும்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஓட்டி முடித்து இறங்கும்போது சேணம் எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். நான்தான் கோணலாக உட்காருகிறேன் என்று பயிற்சியாளர் திட்டுவார். இதற்கெல்லாம் காற்றுப் பேனல் உதவுமா? ஒரு பக்கம் மட்டும் காற்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் விற்பவர்.

---

குளம்படி

நான் கால்நடை மருத்துவர், பெரும்பாலும் குதிரைகளைத்தான் பார்க்கிறேன். சேணத்தை அப்படியே ஒரு ஓரமாக வைத்துவிட்டு முதலில் துரையைப் பாருங்கள் அம்மா.

சேணம் ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப நகர்கிறது என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது பின்னங்கால். இங்கிலாந்தில் லைன் கிரீவ், சூ டைசன் என்ற இரண்டு மருத்துவர்கள் 2013-இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பின்னங்காலில் நொண்டல் உள்ள குதிரைகளில் சேணம் ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்து, வலியுள்ள இடத்தை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து மறுபடி ஓட்டச் சொன்னார்கள். பெரும்பாலான குதிரைகளில் சரிவு நின்றுவிட்டது. சேணமும் ஆளும் அதேதான், கால் வலி மட்டும் போயிருந்தது. பெரும்பாலும் நொண்டும் காலின் பக்கமாகவே சரிகிறது என்பதும் அதில் தெரிந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு லேசான நொண்டலாகவும் இருக்கலாம், சேணம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பயிற்சியாளர் உங்களைத் திட்டுவதற்கு முன்னால் துரையின் காலைப் பார்த்திருக்கலாம். (ஆள் கோணலாக உட்காருவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேணம் வலப்பக்கம் சரிந்தால் அதன் மேல் இருப்பவரும் வலப்பக்கம்தானே சரிவார்?)

ஒரு பக்கத் தசை பருத்து மறுபக்கம் நிரம்பாமல் இருப்பதற்கும் இது பொருந்துகிறது. வலிக்கும் காலைக் காப்பாற்ற உடம்பு மற்றக் கால்களில் எடையை மாற்றிப் போடும். அது நீண்ட நாள் நடந்தால் முதுகுத் தசையும் அதற்கேற்ப மாறும். இப்போது ஒரு பக்கம் மட்டும் காற்றை ஏற்றினால் சேணம் நேராகத் தெரியும், வலி அப்படியே இருக்கும். நமக்கு ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது, அதை மறைத்துவிட வேண்டாம்.

கர்த் இறுக்கும்போது கடிக்க வருவதற்கும் சேணம் மட்டும் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பந்தயக் குதிரைகளில் வயிற்றுப் புண் மிகச் சாதாரணம். தானியம் அதிகமாகவும் புல் குறைவாகவும் தின்று வளர்ந்தவை. முதுகெலும்பின் மேல்முட்கள் ஒன்றோடொன்று உரசும் கோளாறும் தோரோபிரெட்டுகளிடம் அதிகம். வயிற்றை எண்டோஸ்கோப் விட்டும், முதுகை எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கலாம். எல்லாக் குதிரைக்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை, நேரில் பார்க்கும் மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

சேணம் பற்றி என் பங்குக்கு ஒன்றே ஒன்று. குதிரைக்கு விலா எலும்பு 18 ஜோடி. அந்தக் கடைசி விலா சேரும் முள்ளெலும்புக்குப் பின்னால் சேணத்தின் பேனல் போகக் கூடாது, அங்கே எடையைத் தாங்க விலாவின் துணை இல்லை. கடைசி விலாவைக் கையால் தேடிப் பிடித்து, அதன் வளைவோடு மேலே முதுகுவரை தடவிக்கொண்டே வந்தால் எல்லை தெரிந்துவிடும். தோரோபிரெட்டுக்குப் பெரும்பாலும் இடம் இருக்கும், ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள். உட்காருபவருக்கு வசதி என்று பெரிய இருக்கை வாங்கும்போதுதான் இது அடிபடுகிறது.

---

மூணு_குதிரை

அக்கா, டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். சேணம் எங்கேயும் ஓடிவிடாது, அந்த விலைக்கு வாங்க ஆளும் வரிசையில் நிற்கவில்லை.

---

துரையம்மா

தகவல் சொல்ல வந்தேன். மருத்துவர் வந்து பார்த்தார். நேர்கோட்டில் ஓடவிட்டபோது எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு பின்னங்காலையும் மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டார். வலது பின்னங்காலுக்குச் செய்தபோது முதல் சில எட்டுகள் எனக்கே தெரியும்படி நொண்டினான். ஹாக் (பின்னங்காலின் நடு மூட்டு) மூட்டில் பிரச்சினை என்கிறார், எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. பந்தயத்தில் ஓடிய கால், வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்றார். மூட்டுக்குள் ஊசி போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் நடை மட்டும், அப்புறம் படிப்படியாக வேலை. இந்தச் செலவு சேணத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து போனது. கணவர் இந்தத் தடவை ஜோக் எதுவும் சொல்லவில்லை.

வயிற்றையும் பார்த்தார்கள். லேசான புண் இருக்கிறது, மருந்து தொடங்கியாயிற்று, புல்லையும் கூட்டியிருக்கிறேன். கர்த்தைக் காட்டினாலே காது பின்னால் மடியும், இப்போது அது குறைந்திருக்கிறது. சேணமே போடாமல் வெறும் பட்டையைக் கட்டிப் பார்த்தேன், கடிக்க வரவில்லை.

ஆகவே பெரிய விலைச் சேணம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கால் சரியானால் வலப்பக்கத் தசை நிரம்பத் தொடங்கும், துரையின் உருவம் இன்னொரு தடவை மாறும். அதற்கு முன்னால் எதை வாங்கினாலும் பழைய கதைதான். இடைக்காலத்துக்கு மூணு_குதிரை சொன்ன வகையில், பிளேட் மாற்றும் சிந்தெடிக் சேணம் ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. உரிமையாளர் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்திருக்கிறார். பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத முதுகுக்கு எந்தப் பக்கத்தை வைத்து அகலம் முடிவு செய்வது?

---

சேணக்கொட்டில்

நல்ல முடிவு தங்கச்சி.

எப்போதும் பருத்த பக்கத்துக்குத்தான் அகலம். துரைக்கு இடப்பக்கம். மெலிந்த வலப்பக்கத்தில் மிச்சம் இருக்கும் இடைவெளிக்கு, பைகள் தைத்த பேட் கிடைக்கிறது, அதில் முன்வலப் பைக்குள் மட்டும் ஒரு மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் துண்டு) செருகுங்கள். தசை நிரம்ப நிரம்ப ஷிம்மை இன்னும் மெல்லியதாக்கி, கடைசியில் எடுத்துவிடலாம். தசை வளர இடம் வேண்டும், அதனால் இடைவெளியை முழுக்க அடைத்துவிடாதீர்கள். மெலிந்த பக்கத்துக்குப் பிளேட் போட்டால் பருத்த பக்கம் நசுங்கும், கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் மெலிந்து "சமமாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவோம். அப்படி வந்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

பழைய சேணம் என்பதால் முதலில் ட்ரீ உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சேணத்தின் பின்விளிம்பை வயிற்றில் அண்டக் கொடுத்து, முன்மேட்டை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ என்றால் லேசாக வளைந்து திரும்பும், அது சரிதான். மடங்கினாலோ, நெறுநெறு என்று சத்தம் கேட்டாலோ, இருக்கைத் தோலில் குறுக்கே சுருக்கம் விழுந்தாலோ வாங்காதீர்கள். அப்புறம் முன்பக்கத்தின் இரண்டு முனைகளையும் அகட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. கவிழ்த்துப் போட்டு இரண்டு பேனலும் சமமா, வாய்க்கால் நேராக ஓடுகிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பிளேட் மாற்றும் வசதிக்கு அர்த்தமே இல்லை, அதையும் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

குதிரை மேல் வைக்கும்போது முதலில் பேட் இல்லாமல் வையுங்கள். கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னோக்கித் தள்ளினால், தானாக நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே ட்ரீயின் முனை தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். பேனலுக்கும் தோளுக்கும் நடுவில் உங்கள் கையை விட்டுக்கொண்டு, இன்னொருவரை முன்னங்காலை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். எலும்பின் மேல்நுனி பின்னால் சறுக்கி வருவது கையில் தெரியும். கை நசுங்கினால் ஓடும்போது துரைக்கும் அதே கதைதான். விதர்ஸுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும். மேலே மட்டும் பார்க்காமல் விதர்ஸின் பக்கவாட்டிலும் விரல் விட்டுப் பாருங்கள், உயர்ந்த விதர்ஸ் உள்ள குதிரைக்கு அங்கேதான் கடிக்கும். கையைப் பேனலுக்கு அடியில் முன்னிருந்து பின்வரை ஓட்டும்போது அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். இருக்கையின் ஆழமான இடத்தில் ஒரு சுண்ணாம்புக்கட்டியை வைத்தால் அது நடுவில் நிற்க வேண்டும், பின்னால் உருண்டால் இதுவும் குறுகல், முன்னால் உருண்டால் அகலம் அதிகம்.

பழைய சேணத்தைக் கிடைத்த விலைக்கு அவசரமாக விற்றுவிடாதீர்கள். மருத்துவர் நடை மட்டும் என்று சொன்ன காலத்தில் துரை கொஞ்சம் இளைப்பான், ஆனாலும் அது அவனுக்கு இனிப் பொருந்தாது. பந்தயத்திலிருந்து புதிதாக வந்த இன்னொரு குதிரைக்காரர் தேடிக்கொண்டிருப்பார், நல்ல விலை கிடைக்கும்.

---

துரையம்மா

ட்ரீயை வயிற்றில் வைத்து இழுத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. ஸ்க்ரூ மூன்றும் கழன்றன. ஒன்றுக்கு மட்டும் எண்ணெய் விட வேண்டியிருந்தது. இப்போது அதில் கறுப்பு பிளேட் இருக்கிறது. துரையின் இடப்பக்கக் கோட்டை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்துப் பார்த்தால் அதைவிட அகலம் வேண்டும் போலிருக்கிறது. உரிமையாளர் கறுப்பைவிட அகலமான நீல பிளேட்டும் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்கிறார். ஒரு சந்தேகம்: பிடிக்கவில்லை என்றால் கீறல் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். அங்கவடி வார் உரசித் தடம் விழுந்துவிடுமே?

---

மூணு_குதிரை

வார் மேல் பழைய முழங்கால் சாக்ஸை நுனியை வெட்டிவிட்டு மாட்டிவிடுங்கள் அக்கா, அங்கவடிக்கும் இன்னொரு சாக்ஸ். கர்த் பக்கிள் படும் இடத்தில் ஒரு துணி. பேட் சுத்தமாக இருக்கட்டும், பேனலில் வியர்வைக் கறை பட்டால் அவர்தான் முதலில் பார்ப்பார். பிளேட் வந்ததும் என்ன நிறம் பொருந்தியது என்று எழுதுங்கள்.